நாமளே ஆஃப்செட்டுதானுங்க

அம்மிணி,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமாக இருப்பது உங்கள் காரில் மாட்டியிருக்கும் நான்கு வீல்களைப் பொறுத்தது. ஒரு தகப்பன் மகளுக்கு எழுதும் கடிதத்தை இப்படி ஆரம்பிக்கக் கூடாதுதான். திருச்செங்கோட்டில் பிரஸ் வைத்துப் பாதிப் பேருடைய கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதிக் கொடுக்கிறவன் நான். பூவும் பொட்டுமாக நாலு வரி எழுதத் தெரியாதவன் இல்லை. ஆனால் பேனாவை எடுத்தால் கை நேராக வீலுக்குத்தான் போகிறது. அதனால் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அந்த வீல்களோடு கொல்லிமலை ஏறக் கூடாது. அவை நான் வாங்கிக் கொடுத்தவை. உங்கள் காருக்குப் பொருந்தாதவை. அது எனக்குத் தெரியும், மாப்பிள்ளைக்கும் தெரியும். மாமனார் வாங்கிக் கொடுத்ததாயிற்றே என்று அவர் சொல்லாமல் இருக்கிறார். அவர் வாய் திறக்காததால் நானும் திறக்காமல் இருக்கிறேன். நடுவில் நீ ஒன்றும் தெரியாமல் முன்சீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறாய்.

போனில் சொல்வதற்கென்ன என்று கேட்பாய். சொல்லாமல் விட்டேனா? எப்போது கூப்பிட்டாலும் நீங்கள் காரில்தான் இருக்கிறீர்கள். "சொல்லுங்கப்பா, ஸ்பீக்கர்ல இருக்கறீங்க" என்று நீ சொல்வாய். உடனே மாப்பிள்ளை குரல் வரும், "சொல்லுங்க மாமா" என்று. அந்த மரியாதையான குரலைக் கேட்டதும் நான் வீலை விட்டு மழைக்குத் தாவிவிடுவேன். போன வாரமும் அப்படித்தான். "ஒண்ணுமில்லீங்க மாப்ள, அங்க மழை பெய்யுதுங்களா?" என்றேன். "இல்லீங்க மாமா" என்றார். "இங்கயும் இல்லீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. "மழை பெய்யலங்கறதச் சொல்றதுக்குத்தான் ரெண்டு நாளா சோறு எறங்காம உக்கோந்திருந்தீங்களா?" என்றாள். நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இந்தக் கடிதம். உன் கல்யாணப் பத்திரிகையில் மீந்துபோனவற்றின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நல்ல அட்டை, மை ஊறாது.

வீல் வாங்கிய கதை உனக்கு முழுசாகத் தெரியாது. சம்பந்தி வீட்டில் அவர்கள் பேச்சை முடித்த விதம் நினைவிருக்கிறதல்லவா? "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க, பொண்ணக் குடுத்தாப் போதுமுங்க" என்றார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பெண்ணைப் பெற்றவனுக்கு அரிப்பு அதிகமாகிவிடும். நாலு பேர் பார்க்கிற மாதிரி ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது. ஒரு நாள் மாப்பிள்ளை, தன் காரில் கம்பெனி வீல் பொடிசாக இருக்கிறது என்று உன்னிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னதை நான் ஒட்டுக் கேட்டேன். ஒட்டுக் கேட்கவில்லை, அந்தப் பக்கமாகப் போனேன். போதாதா? போர் போடும் ரிக் வண்டிக்கும் லாரிக்கும் பேர்போன ஊரில் பிறந்து வளர்ந்து, சக்கரம் வட்டமாக இருக்கும் என்பதைத் தவிர வேறொன்றும் அறியாத நான், கல்யாணத்துக்கு முந்தின வாரம் சேலத்தில் ஒரு வீல் கடைக்குள் நுழைந்தேன்.

கடைக்காரர் வண்டியின் பெயரைக் கேட்டார், சொன்னேன். எத்தனை போல்ட்டு என்றார், நாலு என்றேன். அதை முதல் நாளே குனிந்து எண்ணி வைத்திருந்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உனக்குத்தான் தெரியுமே, அந்த மாதத்தில் என் எதிரில் வந்த யாரும் பத்திரிகை வாங்காமல் தப்பியதில்லை. பையிலிருந்து ஒன்றை எடுத்து, "குடும்பத்தோட வந்துரோணுமுங்க" என்று அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, "ஆஃப்செட் என்னன்னு பார்த்துட்டீங்களாங்க?" என்று கேட்டார். கையில் என் பிரஸ்ஸில் ஆஃப்செட் மெஷினில் அடித்த பத்திரிகை. கேள்வி ஆஃப்செட்டைப் பற்றி. எந்த அச்சுக்காரனாக இருந்தாலும் நெஞ்சு நிமிரும் அல்லவா? "அதென்னுங்க அப்படிக் கேட்டுப்போட்டீங்க. நாமளே ஆஃப்செட்டுதானுங்க. வயசுப் பையனா இருக்கறப்ப இருந்து அதுதான் பொழப்பு" என்றேன். அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. "ஓ, நம்ம லைனுங்களா?" என்றார். "லைனேதானுங்க" என்றேன். "அப்ப உங்களுக்கு நான் சொல்லோணுமா. புடிச்சத எடுத்துக்குங்க" என்று நாற்காலியைப் போட்டு, எனக்குக் காபி சொல்லிவிட்டார். எனக்குப் பிடித்தது கடையிலேயே அகலமானது, பளபளப்பானது. புது டயரோடு நான்கையும் வாங்கினேன்.

பூ அலங்காரம் செய்யப் போகிறேன் என்று பொய் சொல்லி மாப்பிள்ளையின் காரை வாங்கிக்கொண்டு போய் மாட்டியபோதும் அந்தக் கடைக்காரர் ஒரு தரம் இழுத்தார். "கொஞ்சம் வெளிய நிக்குதுங்களே" என்றார். "நிக்கட்டுமுங்க, நின்னாத்தான கண்ணுக்குத் தெரியும்" என்றேன். தொழில் தெரிந்தவர் சொல்கிறாரே என்று அவரும் விட்டுவிட்டார். கல்யாணத்தன்று கார் மண்டப வாசலில் நின்ற அழகைப் பார்த்து நாலு பேர் என்னிடம் விசாரித்தார்கள். நான் ஒன்றுமே தெரியாதவன் போல், "என்னமோ, நம்மாள முடிஞ்சதுங்க" என்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனையும் செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அன்றைக்குச் சத்தம் வரவில்லை. காரில் நீங்கள் இரண்டு பேர்தான். மற்றதெல்லாம் பூ. சத்தம் வந்தது, மல்லசமுத்திரம் பக்கம் நம் குலசாமி கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போனபோது. முன்னால் நீயும் மாப்பிள்ளையும். பின்னால் நான், அம்மா, உன் பெரிய அத்தை. டிக்கியில் பொங்கல் பானை, அரிசி, வெல்லம், ஒரு மூட்டைத் தேங்காய். வாய்க்கால் பாலத்தைத் தாண்டி ரோடு இறங்குகிற இடத்தில் அடியிலிருந்து கர்ரென்று வந்தது. நீ பின்னால் திரும்பி அம்மாவிடம் புடவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். அத்தை விடுகிறவளா? "ஏனுங் மாப்ள, அடியில யாரோ பல்லக் கடிக்கறாப்பல இருக்குதே" என்றாள். "ரோடு சரியில்லீங்க பெரியம்மா" என்றார் மாப்பிள்ளை. "போன மாசந்தான சாமி புதுசாப் போட்டாங்க" என்றாள் அத்தை. மாப்பிள்ளை பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். ஆனால் அம்மிணி, நான் ரோலர்களோடு வாழ்கிறவன். ரப்பர் எதன்மீதாவது உரசினால் தூக்கத்திலும் எனக்குக் கேட்கும்.

கோயிலில் இறங்கியதும் மாப்பிள்ளை நேராகப் போய்ப் பின் வீலுக்கு முன்னால் நின்றுகொண்டார். வேட்டியை அவிழ்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்தார். பொங்கல் பொங்குகிறவரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஒரு மனிதர் ஒரு சக்கரத்தைத்தானே மறைக்க முடியும்? நான் வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். புது டயரின் வெளி ஓரம், தோல் சீவினது போல வழவழவென்று இருந்தது. மட்கார்டின் உள்விளிம்பில் பெயின்ட் போய்த் தகரம் மின்னியது. அதற்குள் மாப்பிள்ளை ஓடி வந்துவிட்டார். "வீல் ரொம்ப நல்லாருக்குதுங்க மாமா, ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறாங்க" என்றார். "அப்படிங்களா மாப்ள" என்றேன். தேய்ந்த டயரை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நின்றோம். அன்றைக்குச் சாமியிடம் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று நீ கேட்டாயே, உங்கள் டயருக்குத்தான்.

மறுநாள் விருந்துச் சாப்பாடு முடிந்து நீங்கள் கண்ணயர்ந்த நேரத்தில் பிரஸ்ஸுக்கு ஓடினேன். உங்கள் காரின் பழைய வீல்கள் நான்கும் அங்கே பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் கிடந்தன. ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, மேலே நேரான மரச் சட்டத்தை வைத்து, ஸ்டீல் ஸ்கேலால் அளந்தேன். உள்பக்கம் ஈ.டி. 45 என்று வார்த்திருந்தது. வீட்டுக்கு வந்து புது வீலின் கம்பிகளுக்கு நடுவில் டார்ச் அடித்துப் பார்த்தால் அதில் 25. அப்புறம்தான் செல்போனில் தேடி, கடைக்காரர் கேட்ட ஆஃப்செட் இந்த ஈ.டி. எண்தான் என்று தெரிந்துகொண்டேன். வீலின் அகலத்துக்கு நடுவில் ஒரு கோடு போட்டுக்கொள். காரில் போய் ஒட்டி உட்காரும் முகம் அந்த நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறதோ, அதுதான் ஆஃப்செட். அந்த எண் குறையக் குறைய வீல் காரை விட்டு வெளியே வரும். இருபது குறைந்தால் இருபது மில்லி வெளியே. போதாததற்கு, நான் வாங்கினது பழையதைவிட ஒன்றரை அங்குலம் அகலம். அதில் பாதியும் வெளியே சேர, எல்லாமாகக் கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர். பிரஸ்ஸில் ஒரு கலர் அரை மில்லி விலகினால் கட்டோடு தூக்கி எறிந்து கத்துகிறவன் நான். என் மகள் உட்காருகிற வண்டியில் நாலு சென்டிமீட்டர் விலக்கி வைத்து, மேலே பூவும் சுற்றி அனுப்பியிருக்கிறேன்.

கணக்கு தப்பாக இருக்கக் கூடாதா என்று ஒரு நப்பாசை. நீங்கள் எழுவதற்குள் இன்னொரு சோதனையும் செய்தேன். ரோலருக்கு இடையில் எவ்வளவு சந்து இருக்கிறதென்று நாங்கள் பேப்பர் நுழைத்துப் பார்ப்போம். அதே மாதிரி உன் பத்திரிகை ஒன்றை டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் தொங்கவிட்டேன். காலி வண்டியில் அது காற்றில் ஆடியது. உன் அம்மாவைப் பின்சீட்டில் ஏறி உட்காரச் சொன்னேன். ஆட்டம் குறைந்தது. நானும் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். குழியில் இறங்குகிற மாதிரி இருக்க வேண்டுமே என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒரு குதி குதித்தோம். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மா துணி எடுக்க வெளியே வந்தார். "ஏனுங்கக்கா, எங்கீங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டார். "எங்கயுமில்லீங்க, சும்மா உக்கோந்திருக்கறோமுங்க" என்றாள் உன் அம்மா, கொதிக்கிற வெயிலில், டிரைவர் இல்லாத வண்டியில், குதித்து முடித்த மூச்சோடு. மகளைப் பிரிந்த ஏக்கத்தில் இரண்டு பேருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று தெருவில் இப்போதும் பேச்சு. அது பரவாயில்லை. இறங்கிப் பார்த்தேன். பத்திரிகையை டயர் கடித்து இழுத்திருந்தது. கிழிந்தது எந்த ஓரம் தெரியுமா, உன் பெயர் இருக்கிற ஓரம். சகுனமாவது ஒன்றாவது என்று ஊரெல்லாம் பேசித் திரிகிறவன், அந்தத் துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை ஏன் சொல்லவில்லை என்று அவர்மேல் கோபித்துக்கொள்ளாதே. நானும் ஒரு காலத்தில் மாப்பிள்ளையாக இருந்தவன்தான். எங்கள் கல்யாணத்துக்கு உன் அம்மாவைப் பெற்றவர் எனக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுத்தார். ஒரு அளவு சின்னது. "புடிக்குதுங்களா மாப்ள?" என்று கேட்டார். நன்றாகத்தான் பிடித்தது, இரண்டு காலையும். "அளவெடுத்தாப்பல இருக்குதுங்க மாமா" என்றேன். விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் அதைப் போட்டுக்கொண்டு போய், நடக்க வேண்டிய இடத்தில் நின்று, நிற்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்து சமாளித்தேன். புது மாப்பிள்ளை என்ன நிதானம் என்று அந்த ஊரில் இன்றைக்கும் எனக்கு நல்ல பெயர். ஆக, பெண் கொடுத்தவர் மனம் நோகக் கூடாது என்கிற அந்த வியாதி எனக்குப் புதிதில்லை. ஒரே ஒரு வித்தியாசம். ஷூ கடித்தபோது வலி எனக்கு மட்டும். இந்த வீல் கடித்தால் வண்டிக்குள் நீ இருக்கிறாய்.

நீ போன முறை வந்தபோது கண் கலங்கிச் சொன்னதற்கும் காரணம் இதுதான். "அவருக்கு இப்பல்லாம் பின்சீட்டுல ஆள் ஏத்தறதே புடிக்கறதில்லீங்கப்பா. அவங்கம்மாளைக்கூட ஊருக்கு பஸ்ஸுல ஏத்தி உட்டுட்டாரு. நான்தான் சொல்லிக் குடுத்தன்னு அவங்க நினைக்கறாங்க" என்றாயே. நான் மோரைக் குடித்துக்கொண்டு, "எல்லாம் சரியாப் போயிரும் சாமி" என்றேன். பெற்ற தாயை ஏற்ற மனமில்லாதவர் அல்ல அவர். ஏற்றினால் டயர் உரசும். உரசினால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் மாமனார் பெயர் கெடும். பழைய வீலை மாட்டலாம் என்றால் அது என் பிரஸ்ஸில் கிடக்கிறது. கேட்டால் ஏன் என்று நான் கேட்பேனோ என்று பயம். இப்படி என் பெயரைக் காப்பாற்றப் போய் உன் பெயரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார். மருமகள் வந்ததும் மாமியாருக்கு பஸ் என்று அவர்கள் சொந்தத்தில் பேச்சாகிவிட்டது. என் காதுக்கே வந்தது என்றால் பார்த்துக்கொள். எதைக் கேட்டாலும் உடனே நாலு பேருக்குச் சொல்கிறவன் நான். இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த மனத்தாங்கலைப் போக்கத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அப்பா அம்மா இருவரையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்குப் போகலாம் என்று நீ ஏற்பாடு செய்திருக்கிறாய். நல்ல எண்ணம். நீ கெஞ்சிக் கேட்டதால் அவரும் தலையாட்டியிருக்கிறார். அவர் என்ன மனநிலையில் தலையாட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்த மலைப்பாதையை நீ அறிவாய். ஒரு கொண்டை ஊசி வளைவு முடியும்போதே அடுத்தது ஆரம்பிக்கும். பின்னால் இரண்டு பேர், டிக்கியில் சாப்பாட்டுக் கூடை. ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாயும், சாய்கிற பக்கத்து டயரை மட்கார்டு சீவும். ஏற்கெனவே சீவின டயர் அது. ஏறும்போது தாங்கலாம். இறங்கும்போது, சூடேறி, ஓரம் பிய்ந்து, ஒரு வளைவில்... இதற்கு மேல் எழுத மாட்டேன். உன் அம்மா இந்த இடத்தைப் படித்துவிட்டு எழுந்து போய் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறாள். இன்னும் பொழுதே சாயவில்லை.

கல்யாணமான மகளுக்கு எழுதுகிற கடிதத்தில் நாலு புத்தி சொல்ல வேண்டுமாம். வீல் மாற்றும் விஷயத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், அதற்கு மேல் எதிர்பார்க்காதே. போல்ட்டு ஓட்டைகள் ஒத்துப்போனால் வீல் மாட்டிவிடும். மாட்டிவிட்டது என்பதால் பொருந்திவிட்டது என்று ஆகாது. நடு ஓட்டை அச்சில் சரியாக உட்கார்கிறதா என்று பார்க்க வேண்டும். அகலத்தையும் ஆஃப்செட்டையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும், ஒன்றை விட்டு ஒன்றைப் பார்த்தால் என் கதிதான். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காலி வண்டியில் பார்த்துவிட்டுத் திருப்திப்படக் கூடாது. நம் பக்கத்தில் எந்தக் கார் காலியாகப் போகிறது? ஆள் ஏற்றி, சாமான் ஏற்றி, முடிந்தால் என்னை ஏற்றிப் பார்க்க வேண்டும். இதில் குடும்பத்துக்கும் ஏதோ பாடம் இருப்பதாக உன் அம்மா சொல்கிறாள். இருக்கலாம். எனக்கு இப்போது வீலைத் தவிர ஒன்றும் ஓடவில்லை.

ஒன்று மட்டும் சொல்வேன். வீட்டில் ஏதாவது உரசுகிற சத்தம் கேட்டால், அது ரோடு என்று யார் சொன்னாலும் நம்பாதே. வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் பார். நீ இறங்கிப் பார்த்திருந்தால் இந்த மனிதர் இரண்டு பக்கமும் வேட்டியை விரித்து மறைத்துக்கொண்டு அலைய வேண்டியிருந்திருக்காது.

இனி நடக்கப் போவது இது. பேப்பர் எடுக்க நம் வேன் சனிக்கிழமை காலையில் சேலம் வருகிறது. அதில் பழைய வீல்கள் நான்கையும் ஏற்றிவிட்டேன். டிரைவர் பக்கத்தில் நானும் வருகிறேன். இந்தக் கடிதத்தை அவர்தான் மூன்று மாடி ஏறி வந்து உன் கையில் கொடுப்பார். நீ இந்த வரியைப் படிக்கும்போது நான் கீழே உங்கள் கார் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். முட்டிவலி என்று நினைக்காதே. முட்டிவலியும் உண்டுதான். மேலே வந்தால் நீ காபி கொடுப்பாய். மாப்பிள்ளை, "வீல் ரொம்ப நல்லாருக்குதுங்க மாமா" என்பார். நான், "அப்படிங்களா மாப்ள" என்று சொல்லிவிட்டு, நாலு வீலையும் திருப்பி ஏற்றிக்கொண்டு திருச்செங்கோடு போய்ச் சேர்ந்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால் மேலே வர மாட்டேன்.

கடிதத்தை மாப்பிள்ளையிடம் கொடு. அவர் படித்து முடித்ததும் கீழே அனுப்பு. நீ கூட வராதே. நீ இருந்தால் அவர் எனக்காகப் பொய் சொல்வார், நான் உனக்காகப் பொய் சொல்வேன். வந்ததும் முதல் பேச்சு அவருடையதாக இருக்க வேண்டும். "ஏனுங் மாமா, தெரியாததத் தெரிஞ்ச மாதிரி எதுக்குங்க வாங்கிக் குடுத்தீங்க?" என்று கேட்கச் சொல். அந்த 'ங்க'வை விட்டுவிட்டுக் கேட்டாலும் எனக்குச் சம்மதம்தான், ஆனால் அவரால் அது முடியாது. கேட்டார் என்றால் நாங்கள் இரண்டு பேரும் குனிந்து வீலைக் கழற்ற ஆரம்பிப்போம். ஜாக்கி என்னிடம் இருக்கிறது.

பழையதை மாட்டி முடித்து, பின்சீட்டில் நான் ஏறி உட்கார்ந்து, மேடு பள்ளமாகப் பார்த்து ஒரு சுற்றுப் போய்விட்டு வருவோம். சத்தம் இல்லை என்று என் காதால் கேட்ட பிறகு மேலே வருகிறேன். உன் மாமியாருக்கு அப்போதே போன் போட்டு, நாளைக்குப் பின்சீட்டில் ஜன்னல் பக்கம் அவருக்கென்று சொல்லிவிடு. காபியை அதற்கப்புறம் போட்டால் போதும்.

அப்பா